மேடை கேட்ட நாகஸ்வரம்: சங்கம் யாருக்கு, தலைவர் எதற்கு?

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

வட சென்னைல சங்கம்னா என்னன்னு யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹார்பர்ல சங்கம், ஃபேக்டரி வாசல்ல கொடிக்கம்பம், காசிமேட்டுல படகுக்காரங்களுக்குச் சங்கம், ஆட்டோ ஸ்டாண்டுல போர்டோட ஒரு சங்கம். கூலி, நேரம், மரியாதை இந்த மூணையும் தனியா கேட்டா கிடைக்காது, சேர்ந்து கேட்டாத்தான் கிடைக்கும்ங்கிறது இந்த ஏரியாவோட பொது அறிவு.

அதே ஏரியால, ராயபுரத்துல கல்யாணம்னாலும் திருவொற்றியூர்ல சாமி புறப்பாடுன்னாலும் முன்னாடி நிக்கிற ஒரு தொழிலாளி இருக்கார். நாகஸ்வரக்காரர். அவருக்கு எது சங்கம்? யார் தலைவர்? அப்படி ஒரு தலைவர் இருந்தா அவர் எதைக் கேட்டு வாங்கணும்? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்தித்தான்.

பேர் விஷயத்தை முதல்லயே முடிச்சிடறேன். நாகஸ்வரம், நாதஸ்வரம், நாயனம் எல்லாம் ஒண்ணுதான். வித்வான்கள் பலர் நாகஸ்வரம்னு சொல்றதால நானும் அப்படியே சொல்றேன்.

திருவொற்றியூர்க் கல்லில் ஒரு தகராறு

கதையை நம்ம ஏரியாலயே ஆரம்பிக்கலாம். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். மாசி மாசம் மகிழடி சேவைக்கும், கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஆதிபுரீஸ்வரர் கவசம் திறக்கிறப்பவும் கூட்டம் தாங்காது. அங்க வரிசைல நிக்கிற நேரத்துல சுவர்ல இருக்கிற கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீங்க. அதுல சில கல்வெட்டுகள் ஒரு வேலைத் தகராறைப் பத்திப் பேசுது.

காலம் 14ஆம் நூற்றாண்டு. அந்தக் கோயிலில் ஆடலும் பாடலும் மற்ற சேவைகளும் செய்த குழுக்கள் பல இருந்தன. பதியிலார், இஷபத்தளியிலார், தேவரடியார் என்பவை அவற்றில் மூன்று. எந்தச் சேவையை யார் செய்வது, எந்தச் சன்னதியில் யாருக்கு உரிமை, ஊர்வலத்தில் யாருடைய முறை எது என்று இவர்களுக்குள் பிரச்சினை எழுந்தது. கோயில் நிர்வாகத்தினரும் அரசு அதிகாரிகளும் மண்டபத்தில் கூடி, வேலைப் பங்கீட்டை வகுத்து, அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அப்பவும் ஒரு தடவையில் முடியவில்லை. சம்புவராயர் காலத்தில் பேசித் தீர்த்த விஷயம், விஜயநகர ஆட்சி வந்த பிறகு திரும்பவும் பஞ்சாயத்துக்கு வந்தது.

இதைப் பூசாரித்தனமான சண்டைன்னு தள்ளிடாதீங்க. யார் எங்க நிக்கணும்ங்கிறது கோயில் கலைஞருக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு வருமானம், ஏன்னா அந்தச் சேவையோட சேர்ந்துதான் நெல்லும் நிலமும் வரும். இன்னொண்ணு மரியாதை. ரெண்டையும் பிரிக்கவே முடியாது. ஃபேக்டரில கூலிக்கும் மரியாதைக்கும் தனித்தனிக் கோரிக்கை வைக்கலாம். இங்க நிக்கிற இடமே சம்பளம். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, அடுத்த அறுநூறு வருஷக் கதைக்கும் இதுதான் சாவி.

ஒரு வாத்தியம், ஒரு செட்

நாகஸ்வரம் இரட்டை நாக்கு வாத்தியம். ஊதுற இடத்துல இருக்கிற சீவாளி, காவிரிக்கரைல விளையற நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்யறது. அதோட ரெண்டு இதழும் காத்துல அதிர்றதுதான் சத்தம். ஷெனாய், மேற்கத்திய ஓபோ, பஸூன் எல்லாம் இதே குடும்பம். மரக்குழல் பெரும்பாலும் ஆச்சா மரம். கீழே புனல் மாதிரி விரியற பகுதிக்கு அணசுன்னு பேர். கும்பகோணம் பக்கத்துல நரசிங்கம்பேட்டை இதுக்குப் பேர்போன ஊர். 2022ல அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது.

இங்க கவனிக்க வேண்டியது, இது தனி ஆள் தொழில் இல்லை. நாகஸ்வரம், தவில், தாளம், ஒத்து அல்லது சுருதிப்பெட்டி எல்லாம் சேர்ந்தாத்தான் ஒரு மேளம். இந்தக் காலத்துப் பாஷைல ஒரு செட். கூப்பிடறவர் நாகஸ்வரக்காரர் பேரைச் சொல்லித்தான் பெரும்பாலும் கூப்பிடுவார். பணம் பேசறதும் வாங்கறதும் அவர்தான். தவிலுக்கும் தாளத்துக்கும் அவர் பிரிச்சுக் கொடுக்கணும். அதாவது நாகஸ்வரக்காரர் ஒரே நேரத்துல தொழிலாளி, சின்ன அளவுல முதலாளி. சங்கம் கட்டறது ஏன் கஷ்டம்னு இங்கேயே ஒரு குறிப்பு கிடைச்சிடுது.

வேலையும் சாதாரண வேலை இல்லை. விடியற்காலைல பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி, புறப்பாட்டுக்கு மல்லாரின்னு கோயில் நாளோட ஒவ்வொரு கட்டத்துக்கும் இசை உண்டு. திருவிழான்னா நின்னுக்கிட்டே, நடந்துக்கிட்டே, ராத்திரி முழுக்க வாசிக்கணும். உட்கார்ந்து வாசிக்கிற பாடகருக்கு முன்னாடி கூட்டம் அமைதியா இருக்கும். நடந்து வாசிக்கிற இவரைச் சுத்தி வேட்டு வெடிக்கும், பந்தம் எரியும், ஆள் இடிச்சுக்கிட்டுப் போவாங்க. கேட்கிறவங்களும் அந்த வாத்தியத்தை 'வழில கேட்கிற சத்தம்'னே பழகிட்டாங்க.

மில் கேட்டும் கோயில் வாசலும்

1918 ஏப்ரல் 27. பெரம்பூர். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில் தொழிலாளிகளுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முயற்சி எடுத்தார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. முன்னணியில் நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சங்கம் நடத்தியதற்கே கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய விவாதத்தின் விளைவுகளில் ஒன்று 1926 டிரேட் யூனியன் சட்டம். நம்ம ஏரியா ஆளுங்க பெருமையா சொல்லிக்க வேண்டிய கதை.

சரி, அதே மாதிரி நாகஸ்வரக்காரர்கள் ஏன் செய்யலை? மில்லுக்கு ஒரே முதலாளி, ஒரே கேட். எல்லாரும் சேர்ந்து உள்ள போகலைன்னா மெஷின் நிக்கும். நாகஸ்வரக்காரருக்கு எந்த கேட்? கோயில்ல பரம்பரை உரிமை. அதுக்கு மானிய நிலம். மடத்துல ஆஸ்தான வித்வான் பதவி. ஜமீன் வீட்டுக் கல்யாணம். செட்டியார் வீட்டு விசேஷம். நாலு பக்கமும் நாலு முதலாளி, ஒவ்வொருத்தரும் கூப்பிடறது வருஷத்துல சில நாள். நீங்க வரமாட்டேன்னா பக்கத்து ஊர்க்காரர் வருவார். பரம்பரை உரிமையை விட்டா அது உங்க பையனுக்கும் போயிடும்.

இது ஒரு விதத்துல இன்னைக்கு டெலிவரி வேலை பார்க்கிறவங்க நிலைமை மாதிரி. வேலை உண்டு, முதலாளி கண்ணுக்குத் தெரியமாட்டார். போராடணும்னா எந்த வாசல்ல போய் உட்காரறது?

பெயரை மாற்றிய சங்கம்

கூலிக்காகச் சங்கம் கட்ட முடியாத இடத்தில், சாதிப் பெயரை முன்வைத்துச் சங்கம் வந்தது. தஞ்சை வட்டாரத்தில் மேளக்காரர், நட்டுவனார், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்களின் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்த சமூகம், 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தன்னை 'இசை வேளாளர்' என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1920களில் மாயவரம் பக்கம் இசை வேளாளர் மாநாடுகளைக் கூட்டினார். பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவருடைய முக்கியமான கோரிக்கை. அவரே அந்த வழக்கத்தின் கொடுமையை அனுபவித்தவர்.

இந்தச் சங்கத்துக்குள்ளயும் எல்லாரும் ஒரே குரல்ல பேசலை. பொட்டுக்கட்டறதைத் தடுக்கச் சட்டம் வரணும்னு ஒரு பக்கம். அந்தச் சட்டம் எங்க கலையையும் சொத்துரிமையையும் சேர்த்துப் பறிக்கும்னு சில பெண் கலைஞர்கள் இன்னொரு பக்கம். 1947ல சென்னை மாகாணத்துல தடைச் சட்டம் வந்தது. ஒரு கொடுமை முடிஞ்சது. கூடவே ஒரு மாற்றமும் நடந்தது. கோயிலோட இருந்த உறவுல ஆண்கள் கையில இருந்த நாகஸ்வரமும் தவிலும் தொடர்ந்தது. பெண்கள் கையில இருந்த ஆட்டம் அவங்களை விட்டு வேற மேடைக்கு, வேற சமூகத்துக்குப் போச்சு.

பேர் மாத்தறது சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. யாரோ வெச்ச பேரை எடுத்துப்போட்டுட்டு நாமே ஒரு பேர் வெச்சுக்கறது, கண்ணைப் பார்த்துப் பேச முதல் படி. ஆனா சாதியை அடித்தளமா வெச்ச சங்கத்துக்கு ஒரு எல்லை இருக்கு. வாத்தியம் வாசிக்கிற எல்லாரும் அந்தச் சாதி இல்லை. மருத்துவர் சமூகத்துல தலைமுறை தலைமுறையா நாகஸ்வரம் வாசிச்சவங்க உண்டு. ஆந்திரால இஸ்லாமியக் குடும்பங்கள் உண்டு. குழல் கடையற ஆசாரி உண்டு. சீவாளி செய்யறவர் உண்டு. இவங்களுக்கெல்லாம் அந்த வீட்டுல இடம் எங்க? இந்தக் கேள்விக்குத் திரும்ப வர்றேன்.

சக்கரவர்த்தி வந்தார்

இப்ப இந்தக் கதையோட நாயகன். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 1898ல நாகப்பட்டினம் பக்கம் திருமருகல்ல பிறந்தவர். சின்ன வயசுலேயே அப்பாவை இழந்து, தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளைகிட்ட வளர்ந்தார். அவர் பேர்தான் இனிஷியல்ல இருக்கு. முதல்ல வாய்ப்பாட்டு, அப்புறம் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளைகிட்ட நாகஸ்வரம். திருவாவடுதுறை ஆதீனத்தோட வித்வான். தோடி ராகம்னா இன்னைக்கும் அவர் பேரைச் சொல்றாங்க. மணிக்கணக்கா ஒரே ராகத்தை விரிப்பார், அடுத்த வளைவுல என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. 'நாதஸ்வரச் சக்கரவர்த்தி'ங்கிறது ஜனங்க கொடுத்த பட்டம். 1940ல எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்துல கதாநாயகனாவே நடிச்சார். ஒரு நாகஸ்வர வித்வான் சினிமா ஹீரோ!

அவர் செய்த மாற்றங்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் அது ஒரு தொழிற்சங்கக் கோரிக்கை மனு மாதிரியே இருக்கும். குடுமியை எடுத்துவிட்டு கிராப்பு வைத்தார். மேல்சட்டை இல்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் முன் நிற்பதுதான் மேளக்காரர் மரியாதை என்றிருந்த காலத்தில் கோட்டும் ஷெர்வானியும் போட்டார். உட்கார்ந்து வாசிக்க மேடை வேண்டும் என்றார். பாடகர்களுக்குக் கொடுக்கிற அளவு சன்மானம் கேட்டார், சில நேரம் அதற்கு மேலும் கேட்டார். காரில் போய் இறங்கினார்.

வாத்தியமும் மாறியது. பழைய திமிரி நாகஸ்வரம் உயர்ந்த சுருதி, திறந்த வெளிக்கானது. நாலு சுவருக்குள் அது காதைத் துளைக்கும். நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரம் பரவ ராஜரத்தினம் பிள்ளை முக்கியக் காரணம். அவருக்காக அதைச் செய்து கொடுத்த கைவினைஞராக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைச் சொல்கிறார்கள். இது வெறும் டெக்னிக்கல் அப்கிரேடு இல்லை. தெருவில் நின்ற வாத்தியத்தை சபா ஹாலுக்குள் உட்கார வைத்த மாற்றம். மேடை வேண்டும் என்றால் மேடைக்கு ஏற்ற குழலும் வேண்டும் இல்லையா? கோரிக்கையும் கருவியும் சேர்ந்து நகர்ந்தன.

யோசிச்சுப் பாருங்க. திருவொற்றியூர்க் கல்வெட்டுல இருக்கிற அதே கேள்விதான். நான் எங்க நிக்கறது? இவரோட பதில், 'நிக்கமாட்டேன், உட்காருவேன்.'

அப்புறம் 1947 ஆகஸ்ட் 14. சுதந்திரத்துக்கு முந்தின சாயங்காலம், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் ஒரு குழு செங்கோலோடு டெல்லியில் நேரு வீட்டுக்குப் போகிறது. அந்தக் குழுவில் ராஜரத்தினம் பிள்ளை. அந்த ஊர்வலத்தை அமெரிக்காவின் டைம் பத்திரிகை விவரித்திருக்கிறது. ஒரு ஃபோர்டு கார் மெதுவாகப் போகிறது. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, வாசிப்பவர் ரோட்டிலேயே உட்கார்ந்து கால் மணி நேரம் வாசிக்கிறார், திரும்பக் கிளம்புகிறார்கள். வாசித்தவரின் பெயரை அந்தப் பத்திரிகை போடவில்லை.

மேடைக்காக வாழ்நாள் முழுக்க சண்டை போட்டவர், தன் நாட்டோட மிகப் பெரிய ராத்திரில ரோட்டுல உட்கார்ந்து வாசிச்சிருக்கார். அது அவருக்கு அவமானமா இருந்திருக்கும்னு நான் நினைக்கலை. அங்க எங்க உட்காரணும்ங்கிறதை அவரே முடிவு பண்ணார். மரியாதைங்கிறது பலகையோட உயரத்துல இல்லை, யார் முடிவு பண்றாங்கங்கிறதுல இருக்கு.

அதே வருடங்கள், அமெரிக்காவில் ஒரு டிரம்பெட்காரர்

இப்ப கொஞ்சம் கடல் தாண்டிப் போயிட்டு வரலாம். காரணம் இருக்கு. ராஜரத்தினம் பிள்ளை உச்சத்துல இருந்த அதே வருஷங்கள்ல, இசைக்கலைஞர்களோட தலைவர்னா என்ன செய்யலாம்ங்கிறதுக்கு இன்னொரு மாதிரி அங்க இருந்தது.

அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு 1896ல் தொடங்கிய தொழிற்சங்கம். 1940ல் அதன் தலைவரானவர் சிகாகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் பெட்ரில்லோ. டிரம்பெட் வாசித்தவர், பெரிய வித்வான் என்று யாரும் சொல்லவில்லை. இசைத்தட்டும் ஜூக்பாக்ஸும் ரேடியோவும் வந்ததால் ஹோட்டலில், கிளப்பில், தியேட்டரில் நேரடியாக வாசித்துப் பிழைத்தவர்களுக்கு வேலை போனது. ஒருவர் ஒரு தடவை வாசித்ததை ஊர் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுக் காசு பார்த்தார்கள். 1942 ஆகஸ்ட் 1 முதல் சங்க உறுப்பினர் எவரும் ரெக்கார்டிங்குக்குப் போகக் கூடாது என்று பெட்ரில்லோ அறிவித்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கேட்டும் அசையவில்லை. 1943ல் டெக்கா கம்பெனி இறங்கி வந்தது. 1944 நவம்பரில் ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் கையெழுத்துப் போட்டன. விற்கிற ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு சின்னத் தொகை சங்கத்தின் நிதிக்கு வந்தது. அந்த நிதியில் பொது இடங்களில் இலவசக் கச்சேரி நடத்தி, வேலை இல்லாத கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

வித்தியாசம் தெரியுதா? ராஜரத்தினம் பிள்ளை வாங்கினது உச்சத்துல இருக்கிறவருக்கான விலை. பெட்ரில்லோ வாங்கினது அடியில இருக்கிறவருக்கான பாதுகாப்பு. ஒருத்தருக்குக் கலைதான் ஆயுதம், இன்னொருத்தருக்கு உறுப்பினர் பட்டியல்தான் ஆயுதம்.

அங்கே எல்லாம் சரியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரில்லோவின் சொந்த ஊரான சிகாகோவில் வெள்ளைக் கலைஞர்களுக்கு ஒரு கிளை, கறுப்பினக் கலைஞர்களுக்கு வேறு கிளை. இரண்டும் ஒன்றானது 1966ல்தான். பெரம்பூரிலும் இதே வடு உண்டு. 1921 பின்னி வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் ஒற்றுமை சாதிக் கோட்டில் பிளந்து, புளியந்தோப்பில் கலவரம் வரை போனது. எந்தச் சங்கமானாலும், 'யார் நம்ம ஆள்' என்கிற கேள்வியில்தான் அது உடைகிறது.

உச்சியில் வெளிச்சம், அடியில் இருட்டு

எங்க சாஃப்ட்வேர் துறைல ஒரு விதி உண்டு. முழு சிஸ்டத்தையும் ஒரே ஒரு சர்வரை நம்பிக் கட்டக் கூடாது. அது எவ்வளவு பெரிய சர்வரா இருந்தாலும் சரி. அது படுத்தா எல்லாமே படுத்துடும்.

நாகஸ்வரத்தோட மரியாதை ஒரே ஆளை நம்பி நின்னது. அந்த ஆளுக்கு மனுஷனுக்குள்ள எல்லா பலவீனமும் இருந்தது. ஒத்துக்கிட்ட கச்சேரிக்கு வராம போறது, குடி, வந்த பணத்தை வந்த வேகத்துல செலவழிக்கிறது. இதெல்லாம் அவரைக் கொண்டாடி எழுதினவங்களே எழுதியிருக்காங்க. 1956 டிசம்பர்ல சென்னைல காலமானார். அத்தனை சம்பாதிச்சவர் கடைசிக் காலத்தில் பணக் கஷ்டத்துலதான் இருந்தார். அவர் கேட்டு வாங்கின சன்மானம் அவரோட போயிடுச்சு. ஏன்னா அது எந்த ஒப்பந்தத்துலயும் எழுதலை, எந்தச் சங்கத் தீர்மானத்துலயும் இல்லை. அவரோட தோடிலதான் இருந்தது.

அவர் எதுவும் விட்டுட்டுப் போகலைன்னு சொன்னா அது அநியாயம். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம், 1962ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வாசித்த 'சிங்காரவேலனே தேவா' மூலம் நாகஸ்வரத்தைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடைக்கும் கொண்டு போனார். 1968ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி காட்டிய அந்த நிமிர்ந்த முதுகு, கோபம், யாருக்கும் தலை வணங்காத தோரணை, இதெல்லாம் ராஜரத்தினம் பிள்ளை காலம் கொடுத்த நடை என்று எனக்குத் தோன்றும். அந்தப் படத்தில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

ஆனா அவர் திறந்த கதவுல எல்லாரும் நுழைய முடிஞ்சதா? ரெண்டு பேரைப் பாருங்க.

ஒருவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த இஸ்லாமியர். ராஜரத்தினம் பிள்ளையின் பாணியில் மயங்கி, தஞ்சைக்கு வந்து நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்றுக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். அங்கேயே சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் தொடங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ராஜரத்தினம் பிள்ளைக்குக் கிடைக்காத மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் 1998ல் இவருக்கு வந்தது. அடுத்த வருடம் காலமானார். சாதிச் சங்கத்தின் பட்டியலில் இடம்பெற முடியாத ஒருவர்தான் அந்த பாணியின் பெரிய வாரிசுகளில் ஒருவரானார்.

இன்னொருவர் மதுரை பொன்னுத்தாய். ஆண்கள் மட்டுமே வாசிப்பது என்றிருந்த வாத்தியத்தை எடுத்து, ஊர் ஊராகப் போய்ப் பெயர் வாங்கிய பெண். கணவர் இறந்ததும் எல்லாம் நின்றது. இது மங்கல வாத்தியம், கைம்பெண் வாசிக்கலாமா என்ற கேள்வி. அழைப்புகள் போயின. கடைசி வரை வறுமை. 2012ல் காலமானார்.

பொன்னுத்தாய்க்கு மேடை உயரம் பிரச்சினையே இல்லை. மேடையே இல்லைங்கிறதுதான் பிரச்சினை. அவங்களுக்காக, 'இவங்களைக் கூப்பிடலைன்னா நாங்களும் வரமாட்டோம்'னு நாலு செட் சொல்லியிருந்தா? சங்கம்னா அதுதான். தலைவர்னா அந்த வாக்கியத்தை முதல்ல சொல்றவர்.

இப்போ நம்ம தெருவில்

இன்னைக்கு நாகஸ்வர, தவில் கலைஞர்களுக்கு மாவட்ட அளவிலும் ஊர் அளவிலும் சங்கங்கள் இருக்கு. பழனி மாதிரி கோயில்கள் பயிற்சிப் பள்ளி நடத்துது. அந்தச் சங்கங்களோட தலைவர்கள் செய்யறது பெரும்பாலும் வெளிச்சம் விழாத வேலை. கோயில் காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி மனு, வயசான வித்வானுக்கு உதவித்தொகை வாங்கித் தர அலையறது, இறந்தவர் குடும்பத்துக்கு வசூல். தோடி ஆலாபனை மாதிரி அதுல கைதட்டு கிடைக்காது.

அவங்களுக்கு முன்னாடி இருக்கிற பிரச்சினைகளும் புதுசு. கல்யாணத்துல செண்டை மேளம் வந்தாச்சு, டிஜே வந்தாச்சு. ரெக்கார்டு போட்டே கெட்டிமேளம் முடிச்சிடற மண்டபமும் உண்டு. 1942ல பெட்ரில்லோ பார்த்த அதே பிரச்சினை, நம்ம ஊருக்கு வேற வேஷத்துல வந்திருக்கு. புவிசார் குறியீடு குழலோட பேரைக் காப்பாத்தும். ஊதறவரோட கூலியைக் காப்பாத்தாது.

இங்கதான் நான் முன்னாடி விட்ட கேள்விக்குத் திரும்ப வர்றேன். சங்கம் யாருக்கு? 1971ல அமெரிக்கால ஓபோ, பஸூன் வாசிக்கிறவங்க சேர்ந்து இரட்டை நாக்கு வாத்தியங்களுக்குன்னே ஒரு சர்வதேசச் சங்கம் ஆரம்பிச்சாங்க. அது கூலிக்குப் போராடற தொழிற்சங்கம் இல்லை, வருஷா வருஷம் கூடிப் பேசற அமைப்பு. ஆனா அதோட அடித்தளம் எனக்குப் பிடிச்சிருக்கு. உன் பிறப்பு என்னன்னு கேட்கலை. நாக்குத் தட்டையை வாயில வைக்கிறியா, அதைச் சீவறியா, குழல் செய்யறியா, அப்படின்னா வா. நமக்கு அதை அப்படியே எடுத்துக்க முடியாது, ஏன்னா இங்க தவில் இல்லாம நாகஸ்வரம் இல்லை. தவில்காரர், தாளம் போடற பையன், சீவாளி செய்யறவர், ஆசாரி எல்லாரும் உள்ள வந்தாத்தான் அது முழுச் சங்கம். பெண்களும், எந்தச் சாதியும், எந்த மதமும்.

நாம என்ன செய்யலாம்? கல்யாணத்துக்கு மேளம் பேசறப்ப கேட்க வேண்டிய நாலு கேள்வி. செட்டுல எத்தனை பேர், ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு போகுது? அவங்க உட்கார எங்க இடம்? எப்ப சாப்பிடுவாங்க, எந்தப் பந்தில? போட்டோகிராஃபர் கை காட்டினா பாட்டைப் பாதில நிறுத்தச் சொல்வீங்களா? கேட்டரிங்குக்கு இலைக்கு எவ்வளவுன்னு பேசற நாம, இதைப் பேச ரெண்டு நிமிஷம் போதும்.

ராஜரத்தினம் பிள்ளை மேடை கேட்டார், வாங்கினார். அந்த மேடைல அவர் உட்கார்ந்ததால அந்த வாத்தியத்தையே ஜனங்க வேற கண்ணோட பார்த்தாங்க. அது சாதாரண சாதனை இல்லை. ஆனா மண்டபத்து மூலைல, ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருக்கிற தவில்காரருக்கு அது இன்னும் வந்து சேரலை. அதைக் கொண்டு வந்து சேர்க்க ஒரு மேதை தேவையில்லை. பட்டியல் வெச்சிருக்கிற, எல்லாரோட பேரும் தெரிஞ்ச, பொறுமையான ஒரு தலைவர் போதும். வட சென்னைக்கு அப்படிப்பட்ட ஆளுங்க புதுசு இல்லை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.